வலது ஓரம், நீலச் சட்டை

சென்ற வாரம் என் மேசைக்கு ஒரு பிழைப் பட்டியல் வந்தது. அதில் பதினேழாவது வரி இப்படி இருந்தது: "நாற்பத்தோராவது நிமிடம். தாம்பரம் மார்க்கெட் காட்சி. தரையில் ஒரு நிழல் விழுகிறது, ஆள் இல்லை. நீக்கவும்." எழுதியது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஆள் இல்லை என்று அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். அந்த ஆளை அங்கிருந்து எடுத்தவனே நான்தான்.

பழைய படங்களைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. பெண் பார்க்கப் போன வீட்டில் சினிமாவில் வேலை என்று சொன்னபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படச்சுருளில் படிந்த தூசியையும் கீறலையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக எடுக்கிற வேலை என்று விளக்கியதும் மாமனார் காபியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எங்கள் அலுவலகம் கேளம்பாக்கத்தில், மூன்றாவது மாடியில். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஒரு நொடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் உட்கார்ந்து தூசி பொறுக்க வேண்டும். பொறுக்கியது போதுமா என்று பார்த்துச் சொல்ல இன்னொருவர் இருப்பார். எங்களுக்கு அப்படி இருந்தவர் அக்கா.

அவருக்குப் பெயர் இருந்தது, யாரும் சொன்னதில்லை. அவரைவிட வயதில் மூத்த முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். மாடம்பாக்கத்தில் பிறந்து, அங்கேயே மணமாகி, அங்கேயே இருந்தவர். தடித்த கண்ணாடி, ஏசி குளிருக்கு ஒரு சால்வை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கண்ணுக்குச் சொட்டு மருந்து. படம் பார்க்கும்போது கதையைப் பார்க்கவே மாட்டார். திரையின் நான்கு ஓரங்களிலிருந்து ஆரம்பித்து உள்ளே வருவார். "நடுவுல ஹீரோ இருக்காரு, அவர ஊரே பாக்கும். ஓரத்த யாரு பாக்கறது? அதுக்குதான் எனக்குச் சம்பளம்" என்பார். நான் முடித்துவிட்டேன் என்று கொடுத்த காட்சியைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இங்க ஒரு எறும்பு ஓடுதே, கண்ணு தெரியலயா?" என்று கேட்பார். உற்றுப் பார்த்தால் கடுகளவு கறை ஒன்று நிஜமாகவே ஓடும். எரிச்சலாக வரும். மத்தியானம் அவர் டப்பாவிலிருந்து வத்தக்குழம்பை என் தட்டில் ஊற்றும்போது எரிச்சல் போய்விடும். ஒரு தூசியைக்கூட அவர் தப்ப விட்டதில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய இயக்குநர் ஒருவருடைய ஆறு படங்கள் ஸ்பெஷல் எடிஷனாக வெளிவருவதற்காக எங்களிடம் வந்தன. பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லப்போவதில்லை. கெட்டி அட்டைப் பெட்டி, ஆறு டிஸ்க், ஒரு புத்தகம், ஒவ்வொரு படத்துக்கும் அவரே பேசும் விளக்கம் என்று பெரிய ஏற்பாடு. அவர் ஒரே ஒரு ஆசையை வற்புறுத்தினார். தியேட்டரில் படம் ஓட்டும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் மறைத்துத்தான் காட்டுவார்கள். டிவியில் இன்னும் கொஞ்சம் போய்விடும். நெகட்டிவில் பதிந்திருப்பது முழுவதும் இந்த முறை தெரிய வேண்டும் என்றார். தெரிந்தது. இத்தனை வருடம் யாரும் பார்த்திராத அந்த ஓரங்களில் விளக்கு வைத்த ஸ்டாண்டின் கால் இருந்தது, குடை பிடித்த கை இருந்தது, ஷூட்டிங் வேடிக்கை பார்த்தவர்களின் தலைகள் இருந்தன. இயக்குநர் பதறிப்போய், அதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்றார். என்னென்ன எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அக்காவின் பொறுப்பு. பட்டியல் இயக்குநருக்குப் போகும். அவர் ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டு அனுப்புவார். டிக் போடாத வரியை நான் பார்த்ததே இல்லை.

தாம்பரம் மார்க்கெட் வரும் படத்தை மட்டும் முதலில் வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். ஊர்ப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் படத்தின் சுருள் டப்பாவைத் திறந்தபோதே அறை முழுக்கப் புளித்த நாற்றம். சுருங்கி, வளைந்து, இனி ஒரு முறை ஓட்டினால் உடைந்துவிடும் என்ற நிலையில் ஸ்கேன் செய்து முடித்தோம். அக்கா எழுதிய பட்டியல் என்னிடம் வந்தது. "இடது ஓரம், விளக்குக் கால், நீக்கவும்." "மேல் ஓரம், கயிறு, நீக்கவும்." நடுவில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: "வலது ஓரம், நீலச் சட்டை. நிற்கிறார்." அவ்வளவுதான். நீக்கவும் என்ற சொல் அதில் இல்லை. இன்று அது எனக்குத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது பக்கத்தில் இருந்த டிக் மட்டும்.

நான்கு நொடி. தொண்ணூற்றாறு ஃபிரேம். மூன்று நாள் வேலை. இருபத்தைந்து வயது இருக்கும் அந்த ஆளுக்கு. முகத்தில் வெயில் அடிக்கிறது. கையை நெற்றிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறார். நான்காவது நொடியின் கடைசியில் கையை இறக்கிவிட்டுச் சிரிக்க ஆரம்பிக்கிறார். சிரித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். இப்படி ஒரு முகத்தோடு மூன்று நாள் குடித்தனம் நடத்தினால் அது சொந்தக்காரன் முகம் மாதிரி ஆகிவிடும். பின்னால் இருந்த சுவரிலிருந்து துண்டு துண்டாக எடுத்து அவர் மேல் ஒட்டிக்கொண்டே வந்தேன். இரண்டாவது நாள் அக்கா டீ டம்ளரோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெகு நேரம் நின்றார். "மூஞ்சிய கடைசியா எடு தம்பி" என்றார். ஏதோ தொழில் நுணுக்கம் சொல்கிறார் என்று நினைத்து அப்படியே செய்தேன்.

முடிந்த படத்தை அக்கா பார்த்தார். மார்க்கெட் காட்சியை மூன்று முறை ஓட்டச் சொன்னார். பிறகு தாளில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இடம் பற்றாததால் சுத்தம் செய்வதற்கு முந்தைய ஸ்கேனை அழித்து அந்த ஹார்டு டிஸ்க்கில் அடுத்த படத்தை ஏற்றினோம். அழித்ததும் நான்தான். ஸ்பெஷல் எடிஷன் வெளிவந்தது, எல்லோரும் பாராட்டினார்கள், அலுவலகத்தில் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் நான்கு வருடம் அக்கா என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். வத்தக்குழம்பு ஊற்றினார். எறும்பு ஓடுது என்றார். வேறு ஒன்றுமே சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தவர் பத்து நாளில் போய்விட்டார். நான் அப்போது ஊரில் இல்லை. ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை மாடம்பாக்கத்துக்குப் போனேன். அக்காவின் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். டிவிக்குக் கீழே அந்தப் பெட்டி இருந்தது. என் வீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. இங்கே அட்டையின் மூலைகள் நைந்து போயிருந்தன. "இதத்தான் தம்பி போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பா. படம் பூரா இல்ல. மார்க்கெட் வர்ற எடம் மட்டும்" என்றார். நான் கேட்காமலேயே டிஸ்க்கைப் போட்டார். நாற்பத்தோராவது நிமிடம் வந்தது. நான் ஒட்டிய சுவர் வந்தது. நல்ல வேலை என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது, வெட்கக்கேடு. "சுவர விடுங்க. தரையப் பாருங்க" என்றார் அவர்.

தரையில், வலது ஓரத்திலிருந்து உள்ளே நீண்டு, ஒரு நிழல். காய்கறி மூட்டைகளின் நிழலுக்கும் டீக்கடைப் பந்தலின் நிழலுக்கும் நடுவில், முழங்கையை மடக்கி நெற்றியில் வைத்த ஓர் ஆளின் நிழல். நான்காவது நொடியின் கடைசியில் அந்தக் கை இறங்கியது. அங்கே யாரும் இல்லை. ஆளை எடுத்த நான் நிழலை மறந்திருக்கிறேன்.

"அவ அண்ணன்" என்றார் கணவர்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஷூட்டிங்கில் நின்றேன், படத்தில் வருவேன் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார் அந்த அண்ணன். ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. படம் வந்தபோது அம்மா மகனைப் பார்க்கத் தாம்பரம் தியேட்டருக்கு ஏழு முறை போயிருக்கிறார். காணோம். கடைசியில் பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்று நம்பியே செத்துப்போனார். இருந்த போட்டோக்களை ஒரு மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் கூழாக்கிவிட்டது. இத்தனைக்கும் பிறகு, கேளம்பாக்கத்தில் ஓர் இருட்டறையில், யாரும் பார்த்திராத ஓரத்தில், அக்கா அண்ணனைப் பார்த்திருக்கிறார். பொய் சொல்லவில்லை அவர். நின்றிருக்கிறார்.

"அப்புறம் ஏன் அத லிஸ்ட்டுல எழுதினாங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நானும் கேட்டேன். அண்ணன் அங்க இருந்தான்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுதி வைக்கணும்னு தோணிச்சாம். கைல இருந்தது அந்தத் தாள்தான். அது பிழை எழுதற தாள்னு அப்ப தோணலயாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

"வேலைன்னா அவளுக்கு ஒரு வீம்பு தம்பி. நானே எழுதிக் குடுத்துட்டு, டைரக்டரு டிக்கும் போட்டப்புறம், எங்க அண்ணன், விட்டுடுங்கன்னு எப்படிப் போய் நிக்கறதுன்னு சொன்னா அவ. உங்க மேல கோவமே இல்ல. மூஞ்சிய கடைசியாதான் எடுத்துச்சு அந்தப் புள்ளன்னு சொல்லுவா."

அன்று நான் வண்டியை எடுக்காமல் கோவில் தெரு வரை தள்ளிக்கொண்டே நடந்தேன். கடுகளவு கறை ஓடினால் கண்டுபிடிக்கிறவர், ஓர் ஆள் நீளத்துக்குக் கிடந்த நிழலையா தவறவிட்டிருப்பார்? மூன்று முறை ஓட்டச் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தெரிந்தேதான் சரி என்று எழுதியிருக்கிறார். அவர் தொழிலில் செய்த ஒரே குற்றம் அது. அன்று இன்னொன்றும் தோன்றியது. தியேட்டரில் மறைத்துக் காட்டியது ஆள் நின்ற ஓரத்தை மட்டும்தான். நிழல் உள்ளேதான் இருந்தது. அந்த அம்மா ஏழு முறையும் மகனைப் பார்த்திருக்கிறார். முகத்தைத் தேடியதால் தெரியவில்லை. இன்றும் தாம்பரத்தில் மாலை வெயிலில் நடக்கும்போது தரையில் விழும் நிழல்களையெல்லாம் பார்க்கிறேன். எந்த நிழலுக்கும் மேலே ஆள் இருக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

இப்போது அதே ஆறு படங்களும் இன்னும் துல்லியமான புதிய பதிப்பாக வரப்போகின்றன. நெகட்டிவ் இனி ஓடாது. நாங்கள் முன்பு சுத்தம் செய்து வைத்ததுதான் மூலம். அக்கா உட்கார்ந்த இடத்தில் புதுப் பெண் உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறாள். பதினேழாவது வரி. நான் கையெழுத்துப் போட்டால் நாளை பட்டியல் இயக்குநருக்குப் போகும். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் டிக் போடும் கை தளரவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். காட்சியை ஓட்டினோம். கை இறங்கியது.

"எப்படி சார் இத விட்டாங்க? ஆளே இல்லாம நிழல் விழுது" என்றாள்.

"ஆள் இருக்காரும்மா. ஓரத்துக்கு அந்தாண்ட நிக்கறாரு."

அவள் திரையின் வலது ஓரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பட்டியலைத் திறந்து பதினேழாவது வரியை அழித்தேன். அழிப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை. பதினெட்டாவது வரி மேலே ஏறிப் பதினேழாவதாக நின்றது. தாளில் அச்செடுத்து, அடியில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.