அண்ணனின் படகு, நண்பரின் பெயர்

அண்ணன் படகை வாங்கியபோது அவருடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் லண்டனில் எங்களவர்கள் காரையும் கைபேசியையும் விசா உள்ள ஒருவரின் பெயரில்தான் எடுப்பார்கள். தேம்ஸ் கரைப் படகுத்துறை ஒன்றில் நின்ற அந்தப் பதினைந்தடிப் படகும் அப்படியே நண்பர் ஒருவரின் பெயரில் எழுதப்பட்டது. விசா கிடைத்த பிறகும் அண்ணன் படகைத் தன் பெயருக்கு மாற்றவில்லை. எழுதித் தரும்படி கேட்டால் நண்பரைச் சந்தேகிப்பதாகிவிடும் என்றார்.

சென்ற ஆண்டு நண்பர் இறந்தார். இந்த வசந்தத்தில் படகுத்துறைக்கு வந்த புது நிர்வாகம், படகு யாருடையது என்று சான்று கேட்டது. இங்கே சிறு படகுக்கு அரசு உரிமைப் பத்திரம் தருவதில்லை. விற்றவர் எழுதிய சீட்டுதான் சான்று. பின்னால் பூட்டும் எஞ்சினுக்குத் தனிச் சீட்டு, தொடர் இலக்கத்தோடு. எஞ்சினை அண்ணன் பின்னாளில் புதிதாக வாங்கியிருந்தார்; அது அவர் பெயரில். படகு மட்டும் இறந்தவர் பெயரில்.

ஒரு ஞாயிறு பிற்பகல், தெற்கு லண்டன் நோர்பரியில் இருந்த நண்பரின் வீட்டுக்குப் போனோம். படகை அண்ணனுக்கு மாற்றும் கடிதத்தை நான் தட்டச்சு செய்திருந்தேன். நண்பரின் மனைவி அதை இரண்டு தடவை வாசித்தார்.

"அவர் தன்ர போட் எண்டுதானே சொன்னவர், அண்ணை," என்றார்.

சுவரில் ஒரு படம். நண்பர் எஞ்சின் பிடியைப் பற்றியபடி பிள்ளைகளோடு படகில் இருந்தார். எடுத்தவர் அண்ணன்.

"நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். ஆரும் கேட்டால் பிரச்சினை எண்டு," என்றார் அண்ணன்.

"நான் ஆரோ வெளி ஆளே, அண்ணை?"

அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளையளுக்கு அது அப்பான்ர போட். இப்ப இல்லையெண்டு நீங்களே சொல்லுங்கோவன்," என்றார் நண்பரின் மனைவி.

"எஞ்சின் என்ர பேரில கிடக்கு. அதைக் கழட்டிக்கொண்டு போறன்."

"பிறகு நாங்கள் கையாலயோ துடுப்பு வலிக்கிறது?"

அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "தம்பி, இனி இதுக்கு எனக்கு அலைய ஏலாது. போட் இவையோடயே இருக்கட்டும். எஞ்சினையும் இவையின்ர பேருக்கு எழுது."

"யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை," என்றேன்.

"யோசிச்சாச்சு. எழுது."

கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் கையால் எழுதினேன்: எஞ்சினின் வகை, தொடர் இலக்கம், கொடுப்பவர், பெறுபவர். அண்ணன் வாசிக்காமலே கையெழுத்திட்டார். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன்.

"சனிக்கிழமை வந்து பிள்ளையளுக்கு ஓட்டக் காட்டித் தருவியளோ?" என்று நண்பரின் மனைவி கேட்டார்.

"ஷிப்ட் இருக்கு," என்றார் அண்ணன்.