பறங்கியும் மணியகாரரும்

எங்கள் கலியாணத்துக்கு வராத மைத்துனர், பதினாறு வருடம் கழித்து, 2012இல், மெல்பேர்னிலிருந்து கிரவீனில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வந்தார். மனைவியின் ஒரே அண்ணன். அவர்கள் மணியகாரர் பரம்பரை. பூட்டனார் ஊருக்கே அதிகாரியாம். எனக்கோ தாய்வழியில் ஒரு பூட்டன் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், மட்டக்களப்பில் தச்சுவேலை செய்தவர். "பறங்கிக் கலப்புக்குப் பொம்பிளை குடுக்கிறதோ?" என்று அன்று கேட்டவர், அதன்பின் என்னை எந்தச் சொல்லாலும் அழைத்ததில்லை. தொலைபேசியை நான் எடுத்தால், "தங்கச்சி நிக்கிறாவோ?" என்பதோடு சரி.

"தயவுசெய்து பகிடி ஒண்டும் விடாதேங்கோ" என்று மனைவி காலையிலேயே கேட்டுக்கொண்டாள். அண்ணன் இம்முறையும் கோபித்துக்கொண்டு போனால் இனி வரவே மாட்டார் என்று பயந்தாள். நான் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். மகளின் வாய்க்கு யார் போடுவது?

அவளுக்குப் பள்ளியில் அசைன்மென்ட். மத்தியகால ஐரோப்பாவில் பிராங்க் என்ற இனத்துக் குடும்பம் ஒன்று எப்படித் தலையெடுத்தது, எதை விட்டுச்சென்றது என்று எழுத வேண்டும். மாமாவுக்குப் பரம்பரைக் கதை என்றால் உயிர் என்று கேள்விப்பட்டிருந்ததால், லாப்டொப்போடு அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இவையள் முதல்ல கிங் இல்ல. பலஸ் மேயர்."

"மேயரோ? பரமட்டா கவுன்சில் மாதிரியோ?"

"நோ, அரண்மனையை நடத்திற ஆள். அப்பா, அதுக்குத் தமிழ் என்ன?"

சுவரோரம் நின்ற எனக்கு வாயில் வந்தது ஒரே சொல்தான். "மணியகாரர்" என்றேன். குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கதை அவருக்கு இனித்தது. ராசா நீளத் தலைமயிரோடு சும்மா இருக்க, காரியமெல்லாம் இந்தக் குடும்பத்தின் கைக்குள் வந்ததாம். கடைசியில் ராசாவின் தலைமயிரை வெட்டி மடத்துக்கு அனுப்பிவிட்டு, முடியைத் தாங்களே சூடிக்கொண்டார்களாம். "கெட்டிக்காரர்" என்றார், தன் சித்தப்பாமார் செய்த காரியம் போல. பின்னால் பேரன்மார் மூவர் நாட்டைப் பங்குபோட்டுச் சண்டைபிடித்த இடத்தில் மட்டும் செருமிக்கொண்டார். அவர்கள் வளவிலும் ஒரு வேலி வழக்கு உண்டு.

"லெகசி என்னெண்டா" என்றாள் மகள், "பிராங்க் எண்ட பேர் அராபியரிட்டப் போய், மாறி மாறி, தமிழில பறங்கி எண்டு வந்திட்டுது. அப்பா, நாங்களும் பறங்கிதானே? அப்ப அந்த கிங்ஸ் எங்கட ஆக்கள். மாமா ஜஸ்ட் மணியகாரர்."

குசினியில் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. என்னை அவர் அழைக்காவிட்டால் எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஆனால் குசினி வாசலில் நின்ற மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சத்தியமாகப் பயந்துபோனேன்.

மைத்துனர் மகளைப் பார்த்தார். பிறகு என் வழுக்கைத் தலையை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப உன்ர அப்பாவின்ர தலைமயிரை எடுத்ததும் எங்கட ஆக்கள்தான் எண்டு எழுது" என்றார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் நிக்கிறீர் மச்சான்? அந்தக் கதிரையை இழுத்துப் போட்டிட்டு இரும்."

கதிரையும் பறங்கி தந்த சொல்தான் என்று சொல்ல நாக்குத் துடித்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.