மிளகுக் காலத்து அறிக்கை

மாவட்டக் கவுன்சிலர் தீனதயாளனுக்கு அறுபத்தாறு வயதில் வணக்கம் வாங்குவதும் அலுத்துவிட்டது, வணக்கம் வைப்பதும் அலுத்துவிட்டது. நைனார்பாளையத்தில் பிறந்து, பரீட்சை எழுதி வருவாய்த்துறையில் நுழைந்து, ஆய்வாளராக மலையடிவாரத்தில் ஏழெட்டு வருஷம் இருந்து, கடைசியில் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஜீப் போய்விட்டது. டீக்கடையில் அதுவரை எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தபடியே தலையாட்டினார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் மனுஷர் கட்சியில் சேர்ந்தார் என்று அவர் மனைவி நிர்மலா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவரும் மறுத்ததில்லை.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. காலையில் காதுகுத்து, மதியம் கருமாதி, சாயங்காலம் கட்சி ஆபீஸ். மாவட்டக் கவுன்சிலருக்கு இருக்கிற அதிகாரத்தைத் துண்டின் ஒரு முனையில் முடிந்துவிடலாம். ஆனால் ஊர் அப்படி நினைப்பதில்லை. பைப்பில் தண்ணீர் வராவிட்டாலும், கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வராவிட்டாலும், மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனாலும் கச்சிராயபாளையத்தில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஆபீஸில் இருந்தபோது மனுவை வாங்கி ஃபைல் கட்டோடு வைத்தால் வேலை முடிந்தது. இப்போது மனு கொடுத்தவர் கூடவே உட்கார்ந்துகொள்கிறார். முட்டியும் வலித்தது.

இத்தனை தலைவலியிலும் ஒரு காரியத்தை மட்டும் அவர் மனதாரச் செய்ய நினைத்தார். மலையில் கரியாலூருக்கு மேலே ஈச்சங்காட்டு வளவு என்று முப்பத்தொரு வீடுள்ள ஊர். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, அதுவும் காட்டுக்குள். போன ஆவணியில் அந்த ஊர்ப் பூமாலை என்பவளின் மருமகளுக்கு வலி எடுத்து, டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி வழியில் குழந்தை இறந்தே பிறந்தது. தேர்தலில் அவரைக் கரையேற்றியது அந்த மலை ஓட்டுதான். ரோடு போட்டுத் தருகிறேன் என்று கரியாலூரில் மைக்கில் சொல்லியிருந்தார். மேலே ஏறிப் போய்ச் சொல்லவில்லை. அவர்கள்தான் இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

பதவிக்காலம் முடியப் போகிற நேரத்தில், தை மாதம், வனத்துறை அதிகாரியை நேரில் பார்க்க முடிந்தது. இளம் வயது, மரியாதையான ஆள். காட்டில் ரெண்டாயிரத்து ஐந்துக்கு முன்பிருந்தே ஜனங்கள் குடியிருந்தால்தான் சட்டப்படி ரோட்டுக்கு இடம் விட முடியும், இந்த ஊருக்கு அப்படி ஆதாரம் இல்லை, எதிரான ஆதாரம்தான் இருக்கிறது என்று சொல்லி ஒரு நகலை எடுத்து நீட்டினார்.

ரெண்டாயிரத்து நாலு, ஜனவரி. 'நேரில் சென்று தணிக்கை செய்ததில் மேற்படி இடத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை.' கீழே தீனதயாளனின் சொந்தக் கையெழுத்து, அப்போதே அலட்சியமான கையெழுத்து.

எழுதிய இடம்கூட நினைவுக்கு வந்தது. கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அந்த வளவுக்காரர்கள் கரண்டு கேட்டு மனு போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டுமென்று மேலிடம் நெருக்கியது. மலை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவரைக் கூப்பிட்டு, ஈச்சங்காட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இப்போது ஒருத்தரும் இல்லை என்றார் இறங்கியவர். அவர் சொன்னது பொய்யில்லை. தை மாதம் அந்த ஊரே மிளகு பறிக்கக் குடகுக்குப் போய்விடும், மாசி கடைசியில்தான் திரும்பும். ஏன் இல்லை என்று தீனதயாளன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீ ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. விஷயத்தைக் கேட்ட நிர்மலா பயந்துபோனாள். ஃபைல் வனத்துறையில் நிற்கிறது என்று சொன்னால் மலைக்காரர்கள் நம்பிவிடுவார்கள், பாதி உண்மையும் அதுதானே என்றாள். கட்சியில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், அது அவருக்குத் தெரியும்.

"ரிடையர் ஆயி எட்டு வருசமாச்சி. இப்ப போயி நான் பொய் எழுதினேன்னு நீங்களே எழுதிக் குடுப்பீங்களா? நாளைக்குக் கல்யாணங் காட்சின்னு ஒருத்தன் மதிப்பானா?"

மதிப்புக்காகத்தான் இத்தனை வருஷம் நாயாக அலைந்தது. ஆனால் அந்த டோலி கண்ணிலேயே நின்றது. விடிந்ததும் வெள்ளைத்தாளில் எழுதினார்: அந்த இடத்துக்கு நான் போகவில்லை, அறிக்கை தவறு. அதை வனத்துறையில் கொடுக்கும் முன், ஊர்க்காரர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளனுப்பி வரவழைக்கலாம். இந்த முறை அவருக்கு அது கூசியது.

நாலு கிலோமீட்டரை ஏறி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பத்து இடத்தில் உட்கார்ந்தார். வளவில் பூமாலையும், குடகுக்குப் போக முடியாத வயசாளிகள் ஏழெட்டுப் பேரும்தான் இருந்தார்கள். ரோடு வந்துவிட்டதென்று சொல்லத்தான் கவுன்சிலர் ஏறி வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு கிழவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். தீனதயாளன் உட்காராமல் நின்றபடியே காகிதத்தைப் படித்தார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கிழவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

பூமாலைதான் கடைசியில் பேசினாள். "அந்த வருசம் கரண்டு வந்துரும்னு சொல்லிக்கினேதாங்க குடகுக்குப் போனோம். திரும்பி வந்து பாத்தா, ஊரே இல்லன்னு எழுதிட்டாங்கன்னு சொன்னாங்க. எழுதினது யாருன்னு யாரும் சொல்லல."

காகிதத்தை வாங்கித் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். மற்றவர்களையும் போடச் சொன்னாள். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். ஏறக்குறைய எல்லாக் கதவிலும் பூட்டுத் தொங்கியது. ஒரு வாசலில் சின்னக் குழந்தையின் செருப்பு கிடந்தது.

"மருமவளும் அங்கதாங்க போயிருக்கா. மறுபடியும் முழுவாம இருக்கா" என்றாள். "வூடு பூட்டிக் கெடக்குதுன்னு இன்னிக்கும் ஆளு இல்லன்னு எழுதிடாதீங்க, சார்."

சார் என்றுதான் கூப்பிட்டாள். இந்த நாலு வருஷமாக அவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள்.