சின்னம்மா இருக்காங்க சேர்

எழுபதுகளில், இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தேன். அம்மாவும் அப்பாவும் செத்த பிறகு என்னையும் தங்கச்சியையும் வளர்த்தவர், கொழுந்து பறிக்கிற எங்கள் சின்னம்மா.

டவுன் ஆட்கள் உடுப்புக் கொடுக்க வந்தால் பெரிய வாத்தியார், "தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் எழும்புங்க" என்பார். எழும்புவேன். அப்புறம் பல நாளைக்கு மற்றப் பிள்ளைகளுக்கு என் பெயர் "அநாதை"தான்.

தங்கச்சி முதலாம் வகுப்புக்கு வந்த வருஷமும் உடுப்பு வந்தது. வாத்தியார் கூப்பிட்டார். நான் எழும்பினேன், அவள் அசையவில்லை.

"நீயும்தானே, எழும்பு" என்றார்.

"எனக்குச் சின்னம்மா இருக்காங்க சேர்."

"சின்னம்மா எப்படி அம்மாவாக முடியும்?" என்று சிரித்தார். பள்ளிக்கூடமே சிரித்தது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் மெதுவாக எழும்பி நின்றாள்.

சாயந்திரம் கூடையை இறக்கி வைத்த சின்னம்மா, "ஏது இந்தக் கவுன்?" என்று ஆசையாகக் கேட்டார்.

"அம்மா இல்லாத புள்ளைகளுக்குக் குடுத்தாங்க" என்றாள் தங்கச்சி.

சின்னம்மா அடுப்படிக்குப் போனார்.

அந்த வாத்தியார் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அம்மா செத்தபோது தங்கச்சி கைக்குழந்தை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளை அநாதையாக்கியது அவர்தான்.