வத்தல்மலை இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

போன செவ்வாய்க்கிழமை காலை, வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது என் பைக்கின் பிரேக் பிடிக்காமல் போனது. பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முன்னால் பனிமூட்டம். இதை எழுதும்போதுகூட என் வலது கால் தன்னால் தரையை அழுத்துகிறது...

வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு சாம்பிள் எடுத்து வரும் பைக் ரைடர் நான். பல வருஷம் திருவாரூர்ப் பக்கம் ஓட்டினேன். அங்கே கிளையை மூடிவிட்டு, "தருமபுரியில ஆள் வேணும், போறீங்களா?" என்றார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, பைக்கோடு வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

திருவாரூரில் மேடு என்றால் என்ன? ஆற்றுப் பாலம். அவ்வளவுதான்! ஏறி முடித்ததும் நியூட்ரலில் போட்டு, சும்மா வழுக்கிக்கொண்டு இறங்குவேன். இங்கே வாரத்தில் இரண்டு நாள் வத்தல்மலை. முதல் தடவை அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோதே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் காலையில் இட்லி இறங்குவதில்லை. ரோடு நல்ல ரோடுதான். அதன் ஓரம்தான்...

அன்று மேலே சுகாதார நிலையத்தில் சாம்பிளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சின்னப்பொண்ணு ஓடி வந்தார். மலையில் சாமை விதைக்கிறவர். என் வயதுதான் இருக்கும். பார்த்தால் சிரித்துக்கொள்ளும் பழக்கம்.

"அக்கா, டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்களா? எம்பொண்ணுக்கு ஆபரேசன் பண்ணித்தான் கொழந்தய எடுக்கணும்னு சொல்லிட்டாங்களாம். பஸ்ஸு போயிருச்சுங்க."

சாம்பிள் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. அந்த முகத்தைப் பார்த்து விதியை எப்படிச் சொல்வது? நர்ஸ் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். கிளம்பினோம்.

நாலைந்து வளைவு தாண்டியதும் மூட்டம் கவிந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பயத்தில் என் கால் என்ன செய்தது தெரியுமா? பழகியதைச் செய்தது — நியூட்ரல். என்ஜின் சத்தம் குறைந்தால் எதிரே வரும் ஹாரன் கேட்கும் என்று ஒரு நினைப்பு வேறு! என்ஜின் இழுத்துப் பிடிக்காமல், மொத்த பாரமும் பிரேக் மேல் விழுந்தது.

"என்னமோ தீயுதுங்க்கா" என்றார் சின்னப்பொண்ணு.

மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கைப்பிடியைத் தொட்டது. வேகம் குறையவில்லை... ஏறியது.

வளைவுக்கு அந்தப் பக்கம் பெரிய வண்டியின் ஹாரன். வலப்பக்கம் பள்ளம்.

"பிரேக் பிடிக்கல!" என்று அலறினேன்.

"கியரப் போடுங்க! கியரு! கியரு!"

போட்டேன். வண்டி உதறியது. வேகம் பாதியானது. மிச்ச வேகத்தோடு இடப்பக்க மண்மேட்டில் முட்டிச் சாய்ந்தோம். ஒரு பால் வண்டி எங்களைக் கடந்து மேலே போனது. டிரைவர் கண்ணில் நாங்கள் பட்டோமா என்பதே சந்தேகம்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்குப் புடவை கிழிந்திருந்தது. சாம்பிள் பெட்டி பத்திரம். ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன்.

"என்னால முடியாது சின்னப்பொண்ணு. நீங்க வேற வண்டி பாத்துப் போயிடுங்க."

"எனக்கும்தான் ஈரக்கொல நடுங்குது. இந்த மூட்டத்துல வேற வண்டிக்கு எங்கீங்க போறது? அங்க எம்பொண்ணு தனியா கெடக்கறா. எந்திரிங்க்கா."

பிரேக் சூடு ஆறும்வரை காத்திருந்தோம். அப்புறமும் அவர் ஏறவில்லை. முன்னால் நடந்தார். வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்க்கா, ஒண்ணும் வல்லீங்க!" என்று கத்துவார். நான் முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி, அந்தக் குரல் வந்த பக்கம் இறங்குவேன். மூட்டம் விலகிய பிறகுதான் பின்னால் ஏறினார். அடிவாரம் வரை என் தோளை விடவே இல்லை.

ஊர் மாறும்போது பெட்டியில் எதை எடுத்து வைக்கிறோம் என்று பத்துத் தடவை பார்க்கிறோம். கையும் காலும் பழைய ஊரிலிருந்து எதைக் கொண்டுவருகின்றன என்று யார் பார்க்கிறோம்?

ஆபரேஷனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். சாயங்காலம் பார்க்கப் போனேன். பேரன்! படுக்கையில் இருந்த மகளிடம் சின்னப்பொண்ணு என்னைக் காட்டி, "இந்த அக்காதான் என்னப் பத்தரமா கூட்டியாந்தாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் மறுபடி மலைக்குக் கிளம்பினேன். இட்லி அன்றும் இறங்கவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் கியரை விடவே கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போக வேண்டும் என்று சின்னப்பொண்ணு பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

"நானும் மேலதான் போறேன், ஏறிக்குங்க" என்றேன்.

"நீங்க முன்னால போங்க்கா" என்று அவ்வளவு அன்பாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.