கல்லுப்பூச்சி கிடைக்காத ஓடை

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா ஊரே அரிசிக்கு அலைந்தது. நான் பூச்சிக்கு அலைந்தேன். பள்ளிக்கூடத்தை மூடியதில் என் வாத்தியார் வேலை போயிருந்தது. பண்டார் ஹிலிர் அலுவலகம் ஒன்றில் ஒரு ஜப்பானியர் இருந்தார். சிப்பாய் அல்ல, ஓடைப் பூச்சி என்றால் பைத்தியம். என்னை உதவிக்கு வைத்துக்கொண்டு, கூலியை அரிசியாகவே கொடுத்தார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டு அடுப்பு அந்தப் பூச்சிகளை நம்பித்தான் எரிந்தது.

அவர் தேடியதற்குக் கல்லுப்பூச்சி என்று நானே பெயர் வைத்தேன். தன் நாட்டு மலை ஓடைகளில் அதன் வகைகளை எல்லாம் பார்த்தவர், மலாக்காவில் என்னென்ன இருக்கின்றன என்று பதிந்து வைக்கத் துடித்தார். ஓடும் தண்ணீரில் கல்லைப் புரட்டினால் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வாலில் இரண்டு இழை, ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் இருந்தால் அதுதான். சாராயக் குப்பியில் போட்டு, பிடித்த இடத்தை எழுதி ஒட்டுவேன். தண்ணீர் கெட்டால் அது பிழைக்காது.

புக்கிட் பாருவுக்கு அப்பால் ஒரு காட்டு ஓடையின் மேல்பக்கத்தில் என் அண்ணன் ஒளிந்திருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லோரிக்குப் பயந்துதான். மரவள்ளியைத் துருவி, ஓடையில் அலசி, மாவெடுத்துத் தின்றான். அண்ணி எப்போதாவது உப்பு கொண்டுபோவாள். ஜப்பானியரை அந்தப் பக்கம் விடாமல் சாக்குச் சொல்லி இழுத்தடித்தேன். ஒருநாள் அவரே சைக்கிளை அங்கே திருப்பிவிட்டார்.

எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் வந்து சேரும் கிளை ஓடையிலோ கல்லுக்குக் கல் பூச்சி. அவர் தண்ணீரை அள்ளி முகர்ந்தார். மேலே யாரோ மரவள்ளி அலசுகிறார்கள், அந்தப் பால் பூச்சிக்கு விஷம் என்று மலாய் மொழியில் சாதாரணமாகச் சொன்னார். இத்தனூண்டு பூச்சி இல்லாததை வைத்து ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் என் பின்னால் யாராவது வந்துவிடுவார்களோ என்று நான் மேலே போகவில்லை. அண்ணியையும் தடுத்தேன்.

"உப்பில்லாம அவரு எப்படித் தம்பி சாப்பிடுவாரு?" என்றாள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

சில வாரம் விடாமல் பெய்த மழை ஓய்ந்த பிறகு மறுபடி அங்கே போனோம். முதல் கல்லைப் புரட்டியதுமே அவர் முகமெல்லாம் சிரிப்பு. கல்லடியில் இரண்டு குட்டிப் பூச்சிகள்.

"ஆயர் சுடா பாகுஸ்," தண்ணீர் நன்றாகிவிட்டது என்று என் தோளில் தட்டினார்.

மேலே அலச ஆளில்லை என்றால்தானே தண்ணீர் நன்றாகும்!

அவரை விட்டுவிட்டு மேலே ஓடினேன். குடிசை திறந்து கிடந்தது. துருவிய மரவள்ளி சட்டியிலேயே பூஞ்சணம் பிடித்திருந்தது. அவனே போனானா, பிடித்துக்கொண்டு போனார்களா, இந்த மனிதர் சொல்லித்தான் பிடித்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழேயிருந்து அவர் சந்தோஷமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணி கேட்டாள்: "நாளைக்காவது போய்ப் பாத்துட்டு வரட்டுமா தம்பி?"

நான் நின்ற நிற்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.