நத்தைகளுக்குப் போன வேலை

என் மாமனார் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் வைத்தவர். அத்தை இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருவண்ணாமலையில் எங்களோடு இருக்க வந்தார். நானும் கணவரும் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் அவரும் என் மீன்தொட்டியும்தான். அது கடல்மீன் தொட்டி. கேன் தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து ஆசையாக வளர்த்துவந்தேன்.

கண்ணாடியில் பாசி படிந்துகொண்டே இருக்கும். யாரும் சொல்லாமலே அதைத் துடைக்கும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு காந்த பிரஷ், வெளியே அதன் ஜோடி. வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பதும் நகரும். கை நடுங்கினாலும் தினமும் காலையில் தேய்த்துவிடுவார்.

ஒருநாள் பிரஷில் மணல் சிக்கியது தெரியாமல் தேய்த்ததில் கண்ணாடியில் நீளமாகக் கீறல் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் சென்னைக்குப் போனபோது பாசி தின்னும் கடல் நத்தைகள் ஒரு டஜன் வாங்கிவந்தேன்.

"இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம் மாமா, நத்தைங்களே பாத்துக்கும்."

"சரிம்மா" என்றார்.

கண்ணாடி பளிச்சென்று ஆனது. அவருக்காகத்தான் செய்தேன் என்று கணவரிடமும் சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனபோது, மாமா போனில் தன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க எனக்கு என்னம்மா வேலை? கண்ணாடி தொடச்சிக்கினு இருந்தேன். அதுக்கும் நத்தை வாங்கி வுட்டுட்டாங்க. நான் அங்கயே வந்துடட்டுமா?"

ஈரத்துணியோடு சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். கீறலுக்காகத்தான் அவரை ஒதுக்கினேன். அது எனக்கு நத்தை வாங்கும்போதே தெரியும்.

அந்த வாரமே இரண்டு நத்தைகள் செத்துக் கிடந்தன. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "தொட்டிக்கு நத்தை ஜாஸ்திங்க. பாசி தீந்துபோயி பட்டினி கெடக்குதுங்க. காஞ்ச கடல்பாசி அனுப்புறேன், போடுங்க" என்றார்.

காகிதம் போலிருந்த அந்தப் பாசியை மாமாவிடம் நீட்டினேன். "நீங்க பாத்துக்கிறீங்களா மாமா? எனக்கு நேரமே கிடைக்கல." அதுவும் முழு உண்மையில்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலைக்கு வந்ததுங்களுக்கு நாம சோறு போடணுமா?" என்று சிரித்தார். சின்னச் சின்னதாகக் கிழித்துக் கல்லுக்கு அடியில் செருகினார். மல்லாந்து விழுந்து புரள முடியாமல் கிடந்த ஒன்றை விரலால் நிமிர்த்திவிட்டார். மகள் வீட்டுக்குப் போகும் பேச்சு அப்படியே நின்றுபோனது. நத்தைகளும் பிழைத்துக்கொண்டன.

ஆனால் இப்போதெல்லாம் தொட்டிக்குள் கையை விடுவதற்கு முன்னால், "வுடட்டாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். முன்பு கண்ணாடி தேய்த்தபோது கேட்டதே இல்லை.

"நம்ம தொட்டிதானே மாமா" என்கிறேன். அவர் தலையாட்டுகிறார். மறுநாளும் கேட்கிறார்.